நிமிர்ந்து உட்கார ஒரு சைக்கிள்

மே 5, திங்கள்

காலை எட்டு மணிக்கே அனல். என் வீட்டுக்காரரும் கூட வர, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. போகவும் பஸ், வரவும் பஸ். வரும்போது பாதி தூரம் நின்றுகொண்டே.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடுப்புக்கு மேலே ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுகிறதாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். சொன்னவை, மறப்பதற்குள்:

எடை தூக்கக் கூடாது. (சத்துணவுக் கூடத்தில் அண்டாவை டாக்டரா வந்து இறக்கி வைப்பார்?)

பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகவே கூடாது. இடுப்பு திருகின வாக்கில் ஒவ்வொரு குழிக்கும் அடி வாங்குகிறதாம்.

நீச்சல் நல்லது. (எங்கே? கண்மாயில் முட்டளவு தண்ணீர். அதிலும் எருமைகள்.)

சைக்கிள் ஓட்டலாம். "நிமிர்ந்து ஒக்கார்ற மாதிரி சைக்கிளா இருக்கணும்மா. குனிஞ்சு ஓட்டுறது வேணாம்."

தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்கணும்.

அதற்காகத்தான் இந்த டைரி. கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலி.

வலி 6.

மே 6, செவ்வாய்

காலை இட்லி, மதியம் ரசம். வேறெதற்கும் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

திருச்சியிலிருந்து ஜெனிட்டா போன். ஒரே மகள். குழந்தைக்கு ஆறு மாதம். லீவு முடிந்து ஜூன் ஒன்பதில் வேலையில் சேரணும். "இனிமே எதுக்கும்மா அந்தச் சத்துணவு வேலை? எழுதிக் குடுத்துட்டு இங்க வந்துரு. ஒக்காந்த எடத்துல பிள்ளையப் பாத்துக்க." நியாயம்தான். பாக்கலாம் என்றேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இங்கே ஆவூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். காலையில் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பதினொரு வருடமாக இவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். விட்டுவிட்டு அப்படியே ஹைவேஸ் ஓரம் மில்லுக்கு, வாட்ச்மேன் வேலைக்கு. இனி பைக் இல்லை. கால் இரண்டையும் இரண்டு பக்கமும் போட்டு உட்காரலாம் என்றார் டாக்டர். சேலையில், ஊருக்குள், ஐம்பத்து மூன்று வயதில். நல்லாத்தான் இருக்கும்.

ஜூன் 2 பள்ளி திறப்பு. அதற்குள் நானே போய் வர ஒரு வழி செய்யணும். இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் திருச்சி.

வலி 5. உட்கார்ந்தால் 7.

மே 8, வியாழன்

காலையில் மேகம் கூடி, ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. இந்த ஜில்லாப் பெண்களெல்லாம் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய நாட்களில் நானும் பழகினவள். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது அப்போது. எல்லாம் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான். சேலையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டால் போட்டதுதான். பாரில் ஜெனிட்டா, பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம், கைப்பிடியில் பை. விராலிமலை வரைக்கும் அப்படியே போயிருக்கிறேன். லேடீஸ் சைக்கிளில் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட.

பைக் வந்தது, சைக்கிள் போனது. யாரும் பிடுங்கவில்லை. இவர் "ஏறு, நான் விட்டுர்றேன்" என்றார், ஏறிக்கொண்டேன். பழைய இரும்புக்காரனிடம் போட்டபோதுகூட ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன.

வலி 6. மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிகிறது.

மே 11, ஞாயிறு

பூசை. பெஞ்சில் முழுக்க உட்கார முடியவில்லை, முழங்காலும் போட முடியவில்லை. கடைசியில் சுவரோரம் நின்றேன். பிரசங்கம் முழுதும் எந்தக் காலில் பாரம் போடுவது என்பதிலேயே போனது.

வெளியே ரெஜினாவிடம் சொன்னேன். அவளும் நானும் ஒன்றாகச் சைக்கிள் பழகினவர்கள்.

"வாங்கு, வாங்கு. ஆனா லேடீஸ் சைக்கிளா வாங்கு. ஒனக்கு இன்னும் பார் வச்சதுதான் கேக்கும்."

"ஆமா கேக்கும். போடி."

இவரிடமும் சொன்னேன். "சரி, பாரு" என்றார். டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை.

வலி 5.

மே 14, புதன்

விராலிமலை. இவர் வேலைக்குப் போய்விட்டார், நான் பஸ்ஸில். சைக்கிள் கடையில் ஒரே வரிசையாக நாற்பது ஐம்பது சைக்கிள். பாதி கியர் வைத்தது. கைப்பிடி கைக்கெட்டாத தூரத்தில். அதைப் பார்த்தாலே முதுகு கேட்கிறது, என்னை என்ன செய்யப் போகிறாய் என்று.

கடைக்காரர் நல்ல மனிதர். "யாருக்கும்மா, பேத்திக்கா?"

"எனக்குத்தாங்க."

கடையின் மறுபக்கம் கூட்டிப் போனார். பிறகு பேட்டரி சைக்கிள் காட்டினார். தள்ளிப் பார்த்தேன். கனம். வழியில் சார்ஜ் போய்விட்டால் நான்தான் தள்ளணும். வேண்டாம். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் காட்டினார். ரோஸ் கலர், பட்டாம்பூச்சிப் படம். "இது வேணாங்க, ஜென்ட்ஸ் காட்டுங்க" என்றேன்.

கறுப்பு. பழைய மாடல். கைப்பிடி உயரம், சீட் அகலம், ஸ்பிரிங். உட்கார்ந்தால் நிமிர்ந்துதான் இருப்பேன், கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. கடையில் நாலு ஆண்கள். வெளியே டீக்கடையில் ஆறேழு பேர். சேலையோடு காலைத் தூக்கிப் போட்டுப் பார்க்க வெட்கம். சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பிரேக் பிடித்தேன். மணியடித்தேன். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இது போதும் என்றேன்.

"ஏறிப் பாக்கலியாம்மா?"

"எல்லாம் ஓட்டுனதுதாங்க."

லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தேன். வாசலில் நிற்கிறது. ரொம்ப நாளைக்கப்புறம் மனசு கொஞ்சம் லேசு.

வலி 5.

மே 15, வியாழன்

படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

விடியக் காலையில் ஜெனிட்டாவின் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. காலைத் தூக்கினேன். பாருக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. இன்னொரு தரம். அதே இடம். அது என் கால்தானா என்று எனக்கே சந்தேகம்.

சைக்கிளைச் சாய்த்துப் பார்த்தேன், கனம் முழுக்க இடுப்பில் இறங்கியது. கொடிக்கம்பத்து மேடையில் ஏறி நின்று காலைப் போட்டேன். போய்விட்டது. மிதித்தேன். ஓடியது. ஒரு நாற்பதடி இருக்கும், நிஜமாகவே ஓட்டினேன். காற்று முகத்தில் பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, இறங்குவதற்கு மேடை இல்லை.

மணலில் சாய்ந்து விழுந்தேன். அடி பெரிதில்லை. எழுந்து பைத்தியக்காரி மாதிரி அந்தக் கனத்தையும் தூக்கி நடு ஸ்டாண்டு போட்டேன் பாருங்கள், அங்கேதான் பிடித்துக்கொண்டது. இடுப்பில் ஆணி அடித்த மாதிரி. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால்காரர் பார்த்து வீட்டுக்குச் சொல்லி, இவர் வந்து கூட்டிப் போனார். ஒரு கையில் நான், ஒரு கையில் சைக்கிள். திட்டியிருக்கலாம்.

வலி 9.

மே 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நாலாவது நாள் படுக்கை. சமையல் இவர். உப்பு இல்லாத சாம்பார், உப்பு அள்ளிப் போட்ட பொரியல். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் சரியாக இருந்தது.

மாலை, கொல்லையில் நின்று ஜெனிட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தூங்குவதாக நினைப்பு. ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"அவ எங்க ஓட்டப் போறா. விழுந்து கெடக்கா. நீ பகல்ல பாத்துக்கிற அந்தக் காப்பகத்துல எல்லாம் பிள்ளையச் சேக்காத. ஜூன்ல அம்மா வந்துரும். நான் பேசிக்கிறேன்."

என்னை வைத்து என்னைக் கேட்காமலே முடித்துவிட்டார்கள். அழுகை வந்தது. குலுங்கி அழுதால் இடுப்பு வலிக்கிறது, அதனால் சும்மா கண்ணீர் மட்டும்.

வலி 7.

மே 19, திங்கள்

கேட்டுவிட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் போட்டபடி.

"என்னங்க, என்னையக் கேக்காம எப்படி அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

பட்டனைப் போட்டு முடித்தார்.

"பதினோரு வருசமா ஒன்னைய அந்தக் குழி ரோட்டுல நாந்தானே ஏத்தி எறக்குனேன். அதுலதான் முதுகு போச்சுன்னு டாக்டரு என் முன்னாடியே சொல்லிட்டாரு பிலோமி. இனிமேயாவது ஒக்காந்து இரேன்னுதான்."

சண்டை போடத் தயாராக இருந்தேன். அதற்கப்புறம் என்னத்தைப் போடுவது. "நீங்க என்ன செய்வீங்க, ரோடு அப்படி" என்றேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாவம், இவருக்கும் வயதாகிறது. பைக்கை ஸ்டாண்டு போடும்போது ஒரு முனகல். நான் இதுவரை கவனித்ததில்லை.

வலி 6.

மே 21, புதன்

நடக்க முடிகிறது. வெயில் குறையவில்லை.

கறுப்புச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். இவர் அரை நாள் லீவு போட்டார். ரெஜினாவும் வந்தாள். இந்த முறை சுடிதாரில் போனேன், மேலே ஷால். கடைக்காரர் சைக்கிளையும் என்னையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. நல்லவேளை, சிரிக்கவில்லை.

"இந்தத் தடவ ஏறிப் பாத்துத்தான் குடுப்பேம்மா. பாக்காம குடுக்க மாட்டேன்."

அதே நாலு ஆண்கள். ரெஜினா நடுவில் போய் நின்றாள். "அண்ணே, எல்லாரும் கொஞ்ச நேரம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. ஒரு பொம்பள சைக்கிள் பழகுது." திரும்பிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர்கூடத் திரும்பினார். இவரும் சேர்ந்து திரும்பினார், அதுதான் சிரிப்பு.

பார்த்த விஷயங்கள்:

பார் கூடாது. பாதத்தை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமலே கால் உள்ளே போகணும்.

கைப்பிடி சீட்டைவிட உயரம். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கணும்.

சீட்டில் இருந்தபடியே இரண்டு கால் நுனியும் தரையைத் தொடணும். அதற்காக ரொம்பவும் இறக்கினால் முழங்கால் மார்புக்கு வருகிறது, முதுகு கூன் போடுகிறது. ஒரு விரல் ஏற்றி, ஒரு விரல் இறக்கி, நாலு தரம் ஸ்பேனர் போட வேண்டியிருந்தது.

சைடு ஸ்டாண்டுதான். நடு ஸ்டாண்டு ஜென்மத்துக்கும் வேண்டாம்.

டயர் தடியாக. காற்றைக் கல் மாதிரி அடிக்கக் கூடாது. கொஞ்சம் அமுங்கணும், குழியில் அதுதான் தாங்கும்.

ஐந்து சைக்கிள் ஏறி இறங்கினேன். கடை ஓரத்துச் சந்தில் ஓட்டியும் பார்த்தேன். கடைசியில் எது? அந்த ரோஸ் கலர்தான். பட்டாம்பூச்சி. வேறு கலர் இருக்கிறதா என்றேன். "அடுத்த மாசம் வரும்" என்றார். அடுத்த மாதம் எனக்கு ஆகாது. கறுப்புச் சைக்கிளின் சீட்டையும் கைப்பிடியையும் கழற்றி இதில் போட்டுத் தரச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை உடம்பில் பெரிய மனிதர் தலை வைத்த மாதிரி ஒரு சைக்கிள்.

"பார் வச்சது கேக்கலியா?" என்றாள் ரெஜினா.

மணியை ஒரு தரம் அடித்தேன். கொஞ்சம் வருத்தம்தான். எதற்கென்று தெரியவில்லை, ஒரு கம்பிக்காக யாராவது வருத்தப்படுவார்களா.

வலி 5.

மே 25, ஞாயிறு

ஓட்டம், இதுவரை:

வியாழன், மைதானம் இரண்டு சுற்று. வலி 5.

வெள்ளி, நாலு சுற்று. வலி 6. முழங்கால் வேறு.

சனி, கோயில் வரைக்கும் போய் வந்தேன். வலி 5. தெருவில் யாரோ, "சத்துணவு டீச்சருக்கு வந்த வாழ்வப் பாத்தியா." கேட்காத மாதிரி மிதித்தேன். திரும்பிப் பார்க்கவும் முடியாது, கழுத்து திருப்பினால் இடுப்பு பிடிக்கும்.

இன்று பூசைக்குச் சைக்கிளில். வேலியோரம் சைடு ஸ்டாண்டு. சாமியார் பார்த்தார். ஒரு புன்னகை.

சமையல் செய்யும் சின்னப்பொண்ணுவிடம் போனில் பேசினேன். காய்கறி மூட்டையை அவள் மகன் வண்டியில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள். அண்டாவை அவளும் உதவியாளும் இறக்கிக்கொள்வார்கள். "நீங்க வந்து நின்னாப் போதும் டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். நின்றால் போதும் என்பதுதான் இப்போது பெரிய வேலை.

மே 28, புதன்

ஜெனிட்டா போன். பின்னால் குழந்தை விடாமல் அழுகை. அவள் குரலும் அழுகிற மாதிரி. "பத்து நாள்தாம்மா இருக்கு. என்னன்னு சொல்லும்மா. காப்பகத்துல எடம் வச்சிருக்காங்க, இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க." திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குத் திருச்சிக்குப் போக இஷ்டமில்லை. பேரனைப் பிடிக்கும், தூக்கிக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். தூக்கத்தான் கூடாது. அவர்கள் குடியிருக்கும் அந்த மூன்றாம் மாடியைப் பிடிக்கவில்லை. காலையில் எல்லோரும் கிளம்பிப் போவார்கள். கதவு சாத்திக்கொள்ளும். மாலை வரை நான் வழி பார்த்துக்கொண்டு இருக்கணும். பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் முப்பத்தெட்டுத் தட்டும் ஒன்றாகச் சத்தம் போடும். அது என் மேல் உள்ள பிரியத்தால் இல்லை, பசியால்தான். இருந்தாலும்.

நான் போகாவிட்டால் ஜெனிட்டாதான் கஷ்டப்படுவாள். அதுவும் தெரியும். தெரிந்தேதான் இஷ்டமில்லை என்று எழுதுகிறேன். ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

வலி 6.

மே 31, சனி

முழுத் தூரமும் ஓட்டிப் பார்க்கலாம் என்று காலை ஆறரைக்குக் கிளம்பினேன். "பின்னாடியே வாரேன்" என்றார். "வேணாங்க, நீங்க பின்னால வந்தா நான் நின்னுருவேன்" என்றேன். வரவில்லை.

இரண்டரை கிலோமீட்டரில் பாலம். அதுவரை தார் ரோடு. அதற்கப்புறம் ஜல்லி கொட்டி ஆறு மாதம், தார் இன்னும் வரவில்லை. பாலத்துச் சுவரில் காலை ஊன்றி நின்றேன். வலது காலில் முழங்கால் வரைக்கும் மின்சாரம் இழுத்த மாதிரி. தண்ணீர் குடித்தேன். பத்து நிமிடம். ஜல்லியைப் பார்த்தேன். திரும்பிவிட்டேன்.

வீட்டில் இவர் வாசலிலேயே நின்றிருந்தார். எதுவரைக்கும் என்று கேட்டார். பாலம் என்றேன். "ம்" என்றார்.

படுத்துவிட்டேன். வலி 7. திங்கள் நடக்காது போலிருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

மூட்டம். மழை இல்லை. அதற்கே நன்றி.

ஆறே முக்காலுக்கு வெளியே வந்தால், இவர் சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். டயரை விரலால் அமுக்கிப் பார்த்துக் கொஞ்சமாகக் காற்றைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தார். முதல் டயர் முடிந்து இரண்டாவது. கல் மாதிரி இருக்கக் கூடாது என்று நான் கடையில் சொன்னது. திரும்பி நின்றபடியே கேட்டிருக்கிறார்.

"ஜல்லியில ஓட்டாத. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றார். "தள்ளுனா ஒன்னும் கொறஞ்சு போயிற மாட்ட."

இது எனக்குத் தோன்றவே இல்லை. சைக்கிள் என்றால் ஏறினவள் போய்ச் சேருகிற வரை இறங்கக் கூடாது, இறங்கினால் தோற்ற மாதிரி. அந்தக் காலத்துப் புத்தி.

பாலம் வரை ஓட்டினேன். ஜல்லி முழுக்கத் தள்ளினேன். நடக்கும்போது கைப்பிடி ஊன்றுகோல் மாதிரி உதவுகிறது. கடைசி ஒரு கிலோமீட்டர் மறுபடி தார், ஏறிக்கொண்டேன். ஏறுவதற்கு மேடை வேண்டாம். காலை உள்ளே வைத்தால் ஏறியாயிற்று. அந்தப் பட்டாம்பூச்சிக்கு ஒரு கும்பிடு.

மொத்தம் ஐம்பத்தைந்து நிமிடம். பைக்கில் பத்து நிமிடம்.

சின்னப்பொண்ணு வெளியே வந்து பார்த்து, "ஆத்தாடி, சைக்கிள்லயா டீச்சர்" என்றாள். மூன்றாம் வகுப்பு ஒன்று சைக்கிளைச் சுற்றி வந்து, "எங்க அக்காளுக்கும் இதே கலருதான்" என்றது. புதிதாக ஒன்றாம் வகுப்பில் நாலு பேர். ஒன்று அழுகை. தட்டில் முட்டையைப் பார்த்ததும் நின்றது. நான் ஒரு அண்டாவையும் தொடவில்லை. கை துறுதுறுத்தது, தொடவில்லை.

திரும்பும்போது எதிர்காற்று. இரண்டு தடவை நின்றேன். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மனசு மாறுவதற்குள் ஜெனிட்டாவுக்குப் போன் செய்தேன்.

"காப்பகத்துலயே எடத்தப் போட்டுரு ஜெனி. சனி, ஞாயிறு நான் வந்து பாத்துக்கிறேன்."

குழந்தை மட்டும் பின்னால் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று பயந்தேன்.

"முதுகு எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு" என்றேன்.